லவ்லெஸ், டிஸிண்டிக்ரேஷன், ஸ்பைடர்லேண்ட்: ஒரு சின்ன டர்ன்டேபிளோடு எட்டு மாதம்

ஆடியோ-டெக்னிக்கா ஏடி-எல்பி60எக்ஸ் டர்ன்டேபிளை (இசைத்தட்டு ஓட்டும் கருவி) வாங்கி எட்டு மாதம் ஆகிறது. வாங்குவதற்கு முன் தமிழில் யாராவது இதைப் பற்றி எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன், என் கண்ணில் எதுவும் படவில்லை. ஆங்கிலத்தில் படித்த விமர்சனங்களில் பெரும்பாலும் ஜாஸ் தட்டைப் போட்டுத்தான் சோதித்திருந்தார்கள். நான் கேட்பதோ இண்டி, ஆல்டர்நேட்டிவ் குழுக்கள். கிட்டார் இரைச்சல், அதற்குள் பாதி மூழ்கிக் கிடக்கும் குரல், அடி விழுந்த இடம் அறையோடு சேர்த்துக் கேட்கும் டிரம்ஸ், இதெல்லாம் இந்தச் சின்னக் கருவியில் எப்படி ஒலிக்கும் என்று சொல்ல ஆளில்லை. அதனால் நானே எழுதுகிறேன். கேட்ட இடம் சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) நான்கறை வீட்டின் வரவேற்பறை, ஆம்ப் உள்ளேயே இருக்கும் ஒரு ஜோடி பவர்டு ஸ்பீக்கர், மேலே ஓடும் மின்விசிறி.

முதலில் கூட்டாளிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மதிப்பீடு என் ஒருவனுடைய காது கேட்டது இல்லை. நாங்கள் மூன்று பேர். எஸ்பிளனேட் கலையரங்கில் 2002-இலிருந்து நடக்கும் பேபீட்ஸ் இலவச இசைவிழாவில் பழக்கமானவர்கள். தோ பாயோவில் குடியிருக்கும் அண்ணனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. 'பிக் ஓ' என்ற சிங்கப்பூர் ராக் இசைப் பத்திரிகையைப் பள்ளிக் காலத்திலிருந்து படித்தவர், 1991-இல் நம்ம ஊர் ஆட்ஃபெலோஸ் குழுவின் 'டீனேஜ் ஹெட்' வந்தபோது பிஎம்ஜி போன்ற பெரிய நிறுவனம் ஒரு சிங்கப்பூர் இண்டி குழுவைச் சேர்த்துக்கொண்டதே என்று பூரித்ததை இன்றைக்கும் அதே பூரிப்போடு சொல்வார். அவருக்குக் கடவுள் கியூர் குழு. 2007-இல் அவர்கள் இங்கே வந்து வாசித்தபோது போயிருக்கிறார். ஈசூனில் இருக்கும் தோழி மை பிளடி வேலண்டைன் குழுவின் ரசிகை, வேறு எதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் பத்தாவது நிமிடத்தில் அங்கே வந்து நிற்பார். எனக்கு ஸ்லிண்ட் குழு. சனிக்கிழமை மாலையில் மூவரும் கூடினால் பரோட்டாவும் தே தாரேக்கும் ஆறிப்போகும், வாக்குவாதம் ஆறாது.

டர்ன்டேபிள் வாங்கப் போகிறேன் என்றதும் அண்ணன், "தம்பி, ஆடியோ கடைங்க இருக்கிற அடெல்ஃபி கட்டடத்துக்குப் போ, ஆயிரத்து இருநூறு வெள்ளிக்குக் குறைஞ்சு எதையும் தொடாதே, தட்டு பாழாயிடும்" என்றார். தோழி உடனே கைப்பேசியில் கணக்குப் போட்டார். இந்தக் கருவிக்கு இருநூற்றுச் சொச்சம் வெள்ளி. மிச்சம் தொள்ளாயிரத்துக்கு மேல். புதுத் தட்டு ஒன்று நாற்பத்தைந்திலிருந்து அறுபது வெள்ளி என்று வைத்தால் பதினைந்திலிருந்து இருபது தட்டு. "இருபது ஆல்பம் இல்லாத வீட்டுல ஆயிரத்து இருநூறு வெள்ளி மெஷினை வச்சு எதைக் கேட்பார்?" என்று கேட்டார். நான் தோழி பக்கம் சாய்ந்தேன். எட்டு மாதம் கழித்தும் அந்தப் பக்கமே நிற்கிறேன், ஆனால் அண்ணன் சொன்னதிலும் ஒரு இடத்தில் உண்மை இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

பெட்டியைப் பிரித்து ஓடவைக்கப் பத்து நிமிடம் போதும். மொத்த எடையே 2.6 கிலோதான். சுழல்மேடையைப் பொருத்தி, அதிலிருக்கும் துளை வழியாக பெல்ட்டை இழுத்துப் பித்தளைப் புல்லியில் மாட்ட வேண்டும், அதுதான் கொஞ்சம் நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை. ஊசியிலிருந்து வரும் மெல்லிய சமிக்ஞையைப் பெருக்கும் ஃபோனோ பிரீஆம்ப் உள்ளேயே இருக்கிறது. பின்னால் உள்ள சுவிட்சை லைன் பக்கம் தள்ளிவிட்டால் எந்த ஸ்பீக்கரிலும் நேராகச் செருகலாம். இது முழுத் தானியங்கி: பொத்தானை அழுத்தினால் கை தானாக எழுந்து தட்டின் விளிம்பில் போய் இறங்கும், பக்கம் முடிந்ததும் தானாகத் திரும்பி வந்து படுத்துக்கொள்ளும், மேடையும் நின்றுவிடும். அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை, ஊசியைக் கையால் வைப்பதில்தான் சுகமே என்கிறார். வேலை முடிந்து ராத்திரி ஒன்பதரைக்கு வீட்டுக்கு வந்து, ஒரு பக்கத்தைப் போட்டுவிட்டு சோபாவிலேயே கண்ணயர்ந்து போகிறவனுக்கு, ஊசி கடைசிப் பள்ளத்தில் மணிக்கணக்கில் உரசிக்கொண்டிருக்காது என்பது எவ்வளவு பெரிய நிம்மதி.

சரி, சத்தத்துக்கு வருவோம்.

முதல் தட்டு மை பிளடி வேலண்டைனின் லவ்லெஸ். 1991-இல் வந்தது, பத்தொன்பது ஸ்டூடியோ மாறி மாறிப் பதிவு செய்தது. என்னிடம் இருப்பது குழுவின் கிட்டார் கலைஞர் கெவின் ஷீல்ட்ஸ் முழுக்க அனலாக் (டிஜிட்டலாக மாற்றாத) முறையில் மறுபடி வெட்டி 2018-இல் வெளியிட்ட பதிப்பு, தோழி இரவல் கொடுத்தது. போட்ட ஐந்தாவது நிமிடத்தில் அடுக்களையிலிருந்து தங்கை எட்டிப் பார்த்து, "அண்ணா, பெல்ட் வழுக்குது போல, பாட்டு ஆடுது" என்றாள். எனக்கும் திக்கென்றது. நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிப் போட்டேன். அதே ஆட்டம். அப்புறம் கியூர் தட்டைப் போட்டுப் பார்த்தேன், நீண்ட கீபோர்டு சுரம் கம்பி மாதிரி நேராக நின்றது. அப்போதுதான் புரிந்தது: ஆடுவது கருவி இல்லை, கிட்டார். ஷீல்ட்ஸ் கிட்டாரின் டிரெமலோ கம்பியைக் கையில் பிடித்தபடியே தந்தியை வீசி வீசி வாசிப்பவர், அதனால் ஒவ்வொரு வீச்சிலும் சுருதி கொஞ்சம் கீழே இறங்கி மேலே ஏறும். எம்பி3-யில் வருடக்கணக்காகக் கேட்டும் அது ஒரு இழுவை என்றுதான் என் மனதில் பதிந்திருந்தது. தட்டில், அறைக்குள், அது ஒரு மனிதன் கையால் வளைக்கிற வளைவு என்று தெரிந்தது. நிறுவனம் வேக ஏற்ற இறக்கம் 0.25 சதவீதத்துக்குள் என்கிறது. பெரிய கருவிகள் இதைவிட நன்றாகவே செய்யும். ஆனால் இந்த ஆல்பத்தின் சுருதியே அலைவதுதான் என்பதால் அந்த வித்தியாசம் என் காதுக்கு எட்டவே இல்லை.

இப்போது அண்ணன் சொன்னதில் இருக்கும் உண்மை. இதில் வரும் ஊசி ஏடிஎன்3600எல், முனை கூம்பு வடிவம். தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சீராகச் சுற்றினாலும், வெளி விளிம்பில் பள்ளம் ஊசிக்கு அடியில் நொடிக்கு சுமார் 50 சென்டிமீட்டர் ஓடுகிறது, உள்ளே லேபிளுக்குப் பக்கத்தில் வெறும் 21 சென்டிமீட்டர்தான். அதாவது அதே ஒரு நொடிப் பாட்டைப் பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுதியிருக்கிறார்கள். அந்த நுணுக்கமான வளைவுகளுக்குள் கூம்பு முனை முழுசாக நுழையாது. நீள்வட்ட முனை இன்னும் ஆழமாகப் படிக்கும். விளைவு, ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டிலும் 'ஸ', 'ஷ' ஒலிகள் கொஞ்சம் சீறும், சிம்பல் மணல் மாதிரி உதிரும். லவ்லெஸ்ஸின் கடைசிப் பாட்டு 'சூன்' ஏழு நிமிடம், சரியாக அந்த உள்வட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. குரலே கிட்டாருக்குள் கரைந்து கிடப்பதால் அங்கே தப்பித்துவிட்டது. குரல் முன்னால் நிற்கும் ஆல்பங்களில் தப்பிக்காது. இதை மாற்ற வேண்டுமென்றால் ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜை மாற்ற வேண்டும், இந்தக் கருவியில் அது முடியாது. ஊசியை மட்டும்தான் புதுசாகப் போடலாம். வாங்குகிறவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

இதற்கு அண்ணனே ஒரு நல்ல சாட்சி கொண்டுவந்தார். ரேடியோஹெட் 2007 அக்டோபரில் 'இன் ரெயின்போஸ்' ஆல்பத்தை 'உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்' என்று இணையத்தில் விட்டார்களே, அதே சமயத்தில் நாற்பது பவுனுக்கு ஒரு பெட்டியும் விற்றார்கள், அதில் அதே ஆல்பம் நிமிடத்துக்கு 45 சுற்று வேகத்தில் இரண்டு தட்டாக இருக்கும். அதை அவர் துணிப்பைக்குள் துணிப்பை வைத்து எம்ஆர்டியில் தூக்கிக்கொண்டு வந்தார். கருவியில் 45 பொத்தானை அமுக்கிப் போட்டோம். வேகம் கூடினால் அதே ஒரு நொடிக்கு அதிகப் பள்ளம் கிடைக்கிறது, அதனால் பக்கக் கடைசியிலும் பாடகர் தாம் யார்க்கின் குரல் உடையாமல், மூச்சு இழுப்பது வரை கேட்டது. மூவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. கருவி அதேதான், ஊசியும் அதேதான், தட்டு எப்படி வெட்டப்பட்டது என்பதுதான் மாறியது. அன்றிலிருந்து அண்ணன் ஆயிரத்து இருநூறு வெள்ளிப் பேச்சை எடுப்பதில்லை.

கியூர் குழுவின் டிஸிண்டிக்ரேஷனும் இதே பாடத்தை வேறு வழியில் சொன்னது. 1989-இல் வந்தபோது குறுந்தட்டில் பன்னிரண்டு பாட்டு, எழுபது நிமிடத்துக்கு மேல். அத்தனையும் ஒரே எல்பியில் அடங்காது என்று 'லாஸ்ட் டான்ஸ்', 'ஹோம்சிக்' இரண்டையும் விட்டுவிட்டார்கள். விட்ட பிறகும் பக்கத்துக்கு அரை மணி நேரம் வரும், பள்ளங்கள் நெருக்கமாக, ஒலி சன்னமாக. அண்ணனின் பழைய தட்டைப் போட்டபோது ஸ்பீக்கரை வழக்கத்தைவிட நன்றாகக் கூட்ட வேண்டியிருந்தது, கூட்டினால் தூசிச் சத்தமும் சேர்ந்து கூடும். 2010-இல் வந்த இரட்டைத் தட்டில் பன்னிரண்டும் இருக்கிறது, பள்ளத்துக்கு இடமும் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டால் இந்தச் சின்னக் கருவியே வித்தியாசத்தைப் பளிச்சென்று காட்டுகிறது. இந்த ஆல்பத்தின் உறையிலேயே சத்தமாகக் கேட்பதற்காகக் கலவை செய்யப்பட்டது, ஒலியைக் கூட்டுங்கள் என்று அச்சிட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் கைக்குழந்தை இருக்கிறது, அதனால் நாங்கள் அந்தக் கட்டளையை மாலை ஆறிலிருந்து எட்டு வரை மட்டும் நிறைவேற்றுகிறோம்.

சத்தமாகக் கேட்பதில் ஒரு எச்சரிக்கை. கருவி லேசானது என்பதால் ஸ்பீக்கரின் அதிர்வை வாங்கிக்கொள்ளும். முதல் வாரம் எல்லாவற்றையும் ஒரே மேசையில் வைத்திருந்தேன், பேஸ் கூடக் கூட ஒரு 'ம்ம்ம்' என்ற உறுமல் எழுந்தது. ஸ்பீக்கரைப் பக்கத்து அலமாரிக்கு மாற்றியதும் போய்விட்டது. அந்த வகையில் வீவக வீட்டின் கான்கிரீட் தரை ஒரு வரம், யார் நடந்தாலும் ஊசி துள்ளுவதில்லை.

அடுத்து என் ஆல்பம், ஸ்லிண்ட் குழுவின் ஸ்பைடர்லேண்ட். ஆறே பாட்டு, நாற்பது நிமிடம் கூட இல்லை, 1990 ஆகஸ்டில் நான்கே நாளில் பதிவு செய்து 1991-இல் வெளியானது. வெளிவந்த காலத்தில் அதிகம் பேர் கவனிக்கவில்லை, ஒலிப்பதிவாளரும் இசைக்கலைஞருமான ஸ்டீவ் அல்பினி மட்டும் மெலடி மேக்கர் இதழில் பத்து நட்சத்திரம் கொடுத்து எழுதினார். இதன் குறுந்தட்டு உறையில், இந்தப் பதிவு வினைல் தட்டில் கேட்பதற்கானது என்று குழுவே எழுதிவைத்திருக்கிறது. பத்து வருடம் அந்தக் குறுந்தட்டை வைத்துக்கொண்டு அந்த வரியைப் படித்துக்கொண்டே இருந்தவன் நான். டர்ன்டேபிள் வாங்க முடிவு செய்ததே அதனால்தான்.

இந்த ஆல்பத்தில் யாரோ பக்கத்து அறையில் தனக்குத்தானே பேசிக்கொள்வது மாதிரி ஒரு குரல், ஒற்றைக் கிட்டார், நிறைய வெற்றிடம், அந்த வெற்றிடத்துக்கு நம் காது பழகும் நேரத்தில் சுவர் இடிந்து விழுவது மாதிரி ஒரு வெடிப்பு. இப்படிப்பட்ட இசைக்குத் தட்டின் பின்னணி உரசல்தான் எதிரி. மின்விசிறியை நிறுத்தினேன், சன்னலைச் சாத்தினேன், வியர்த்துக் கொட்டியது, கேட்டேன். மெல்லிய இடங்களில் லேசான சரசரப்பு இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஆனால் குளிர்நாட்டு ரசிகர்கள் புலம்பும் 'டிக் டிக்' வெடிப்புகள் அவ்வளவாக இல்லை. நம் காற்றில் ஈரப்பதம் அதிகம், அதனால் தட்டில் நிலைமின்சாரம் சேர்ந்து தூசியை இழுப்பது குறைவு. குளிர்சாதன அறையில் இரவு முழுக்க வைத்த தட்டைப் போட்டால் வித்தியாசம் தெரியும். அதே ஈரப்பதம் உறையில் பூஞ்சை பிடிக்கவைக்கும் என்பது வேறு கதை. உள் உறையைக் காகிதத்திலிருந்து பிளாஸ்டிக் பூசியதற்கு மாற்றிவிடுங்கள், தட்டுகளைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள்.

கடைசிப் பாட்டின் கடைசி நிமிடத்தில் அந்தக் குரல் கத்தும். அதுவும் உள்வட்டத்தில்தான் வருகிறது. இந்த ஊசியில் அது கொஞ்சம் கிழிந்துதான் கேட்டது. எனக்கு அது குறையாகவே படவில்லை. அந்த இடத்தில் தொண்டை கிழிய வேண்டும்.

இந்த எட்டு மாதத்தில் என்னை அதிகம் அசைத்தது வேறொரு மாலை. அப்பாவிடம் எக்கோ லேபிள் ஒட்டிய இளையராஜா எல்பிகள் ஒரு பெட்டி இருக்கின்றன, எண்பதுகளில் சிராங்கூன் ரோட்டில் வாங்கியவை, போட்டுக் கேட்கக் கருவி இல்லாமல் இருபது வருடமாகக் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவர், நடுவில் நான் ஜாய் டிவிஷனின் 'அன்னோன் பிளெஷர்ஸ்' தட்டைப் போட்டபோது எழுந்து போகவில்லை. பக்கங்களுக்கு ஏ, பி என்று போடாமல் வெளியே, உள்ளே என்று பெயர் வைத்த 1979 ஆல்பம் அது. உறையில் இருப்பது ஒரு பல்சர் நட்சத்திரத்தின் துடிப்பு வரைபடம், டி-சட்டையில் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அப்பா இரண்டு பாட்டு கேட்டுவிட்டு, "இதுல பேஸ்தானே மெட்டைப் பாடுது, ராஜா பாட்டுல வர்ற மாதிரி" என்றார். அந்தக் குழுவின் பீட்டர் ஹூக்கின் பேஸ் கிட்டாரைப் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. ஹூக் அப்படி மேல் தந்திகளில் வாசிக்கப் பழகியதற்குக் காரணம், அவருடைய மலிவான ஆம்பில் கீழ் சுரங்கள் அவருக்கே கேட்காததுதான் என்று அவரே சொல்லியிருக்கிறார். அப்பாவிடம் அதைச் சொன்னேன். தட்டைத் திருப்பிப் போடச் சொன்னார்.

எங்கள் தலைமுறை சிங்கப்பூர்க் குழுக்களையும் இதே ஸ்பீக்கரில்தான் கேட்கிறோம், பெரும்பாலும் கைப்பேசியிலிருந்து. தங்கைக்கு சப்சோனிக் ஐ குழுவின் 'நேச்சர் ஆஃப் திங்ஸ்' உயிர், 2021-இல் வந்த ஆல்பம். அண்ணன் ஹம்ப்பேக் ஓக் கேட்டு வளர்ந்தவர், அந்தக் குழுவின் லெஸ்லி லோ பிறகு அப்சர்வேட்டரி என்ற குழுவில் பாடியதால் அங்கேயும் தொடர்ந்து போனவர். நம் குழுக்களின் ஆல்பம் தட்டாக வந்தால் முதல் வாரமே வாங்கிவிடுங்கள், குறைந்த எண்ணிக்கையில்தான் அச்சாகும்.

இல்லாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஹெட்ஃபோன் துளை இல்லை, ஸ்பீக்கரில் இருந்தால் அதில் செருகிக்கொள்ளலாம். ஊசியின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது, தொழிற்சாலையில் வைத்ததுதான். இன்னொன்று, சோனிக் யூத் ரசிகர்களுக்கு மட்டும்: 1986-இன் 'ஈவால்' தட்டில் கடைசிப் பாட்டு முடிவில்லாமல் சுற்றும் பள்ளத்தில் போய் முடியும், நேரம் போட வேண்டிய இடத்தில் முடிவிலிக் குறியே போட்டிருப்பார்கள். தானாகக் கை தூக்கும் கருவியில் அந்த முடிவிலி கிடைக்காது. அதற்கு அண்ணன் வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

தட்டு வாங்குவதில் ஒரு கசப்பான அனுபவம் உண்டு. வெளிநாட்டு இணையக் கடை ஒன்றில் 9 சதவீத ஜிஎஸ்டியும் அஞ்சல் செலவும் கட்டி வரவழைத்த தட்டு, உறை முனை மடங்கி, தட்டும் வளைந்து வந்தது. திருப்பி அனுப்பும் செலவு தட்டின் விலையில் பாதி. அன்றிலிருந்து முடிந்தவரை இங்கேயுள்ள கடைகளில், கையில் எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துத்தான் வாங்குகிறேன். வளைந்த தட்டையும் இந்தக் கருவி தாண்டாமல் ஓட்டுகிறது, ஆனால் கை ஏறி இறங்குவதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை.

பழைய பொருள் விற்கும் காரோசெல் செயலியில் இந்தக் கருவி பழையது எண்பது, நூறு வெள்ளிக்குக் கிடைக்கிறது. எடுப்பதாக இருந்தால் விற்பவர் வீட்டிலேயே ஒரு பக்கம் முழுக்க ஓடவிட்டு, கை தானாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். பெல்ட் தளர்ந்திருந்தால் பாட்டு இழுக்கும். அதைச் சோதிக்கத் தயவுசெய்து லவ்லெஸ் எடுத்துப் போகாதீர்கள், பியானோ உள்ள எதையாவது எடுத்துப் போங்கள். ஊசி எவ்வளவு ஓடியது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, அதனால் வாங்கிய அன்றே புது ஊசி போட்டுவிடுங்கள், விரலால் கீழே இழுத்தாலே பழையது கழன்றுவிடும்.